புளியங்கொட்டை நடக்கட்டும்: நாகமலை புதுக்கோட்டைப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்



தேனி ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நம் நாகமலை புதுக்கோட்டையில் குடியிருக்கிற, ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை படிக்கிற எல்லாருக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன். முழுப்பரீட்சை முடிந்தாயிற்று. பத்து மணிக்கு மேல் வெளியே விளையாட விடமாட்டார்கள். விட்டாலும் இந்த வெயிலில் பந்து பொறுக்க ஆள் வராது. எப்படியும் அம்மாவின் போன் உங்கள் கைக்கு வரப்போகிறது. வந்ததும் கட்டைவிரலால் மேலே தள்ளித் தள்ளி, யாரோ எடுத்ததையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அந்த நேரத்தில் கொஞ்சம் ஒதுக்கி நீங்களே ஒரு படம் எடுங்கள். பத்து விநாடிப் படம். அதற்கு மேல் வேண்டாம்.

நான் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறவன். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது என்பதால் கேமரா சும்மா கிடக்கும். அப்போது வீட்டு மேசையில் நான் செய்து பார்க்கிற வேலை ஸ்டாப் மோஷன். ஒரு பொருளை வைத்து ஒரு போட்டோ. அதைத் துளி நகர்த்தி இன்னொரு போட்டோ. இப்படியே எடுத்துக்கொண்டு போய் வரிசையாக ஓட்டினால் பொருள் தானே நடக்கும். படம் வரையத் தெரிய வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம், காசும் அநேகமாக வேண்டாம்.

இதெல்லாம் வெளிநாட்டுக்காரன் வித்தை என்று நினைத்துவிடாதீர்கள். நம் நாட்டு சினிமாவே ஏறக்குறைய இப்படித்தான் ஆரம்பித்தது. தாதாசாகேப் பால்கே லண்டன் போய் கேமரா வாங்கி வந்தார். படம் எடுக்கப் பணம் இல்லை. 1912ல் ஒரு தொட்டியில் பட்டாணியை ஊன்றி, எதிரே கேமராவை நிறுத்தி, ஒரு மாதத்துக்கு மேல் விட்டு விட்டுப் படம் பிடித்தார். விதை முளைத்து, இலை விட்டு, கொடியாகிற அத்தனையும் ஒரு நிமிடத்துச் சொச்சத்தில் திரையில் ஓடியது. அதைப் பார்த்த பிறகுதான் கடன் கொடுக்க ஆட்கள் முன்வந்தார்கள். மறு வருடம் 'ராஜா ஹரிச்சந்திரா' வந்தது. பின்னால் தீக்குச்சிகளை ஆடவிட்டும் ஒரு குட்டிப் படம் எடுத்திருக்கிறார்.

பால்கேயின் பட்டாணிக்கு ஒரு சௌகரியம், அது தானாக வளர்ந்தது. உங்கள் பொருள் தானாக எதுவும் செய்யாது. நீங்கள்தான் நகர்த்த வேண்டும். நகர்த்துவது சுலபம். நகரக் கூடாததை எல்லாம் நகராமல் பிடித்து வைப்பதில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது. போன், மேசை, வெளிச்சம், உங்கள் நிழல், மின்விசிறி, தம்பி, இவை அத்தனையும் அசையாமல் இருந்தால்தான் அந்த ஒன்று மட்டும் அசைவது கண்ணுக்குத் தெரியும்.

முதலில் போன். கையில் பிடித்து எடுக்கவே கூடாது. ஒரு ஸ்டூலின் மேல் பலகையைப் போட்டு, பலகையின் ஓரத்துக்கு வெளியே லென்ஸ் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி போனைப் படுக்க வைத்து, ரப்பர் பேண்டால் பலகையோடு கட்டிவிடுங்கள். கீழே தரையில் சார்ட் பேப்பரை விரித்து, நாலு மூலையிலும் டேப் ஒட்டுங்கள். பலகையின் மறுமுனையில் கனமாக ஏதாவது வேண்டும். அம்மிக்குழவி ஆகாது, உருண்டால் போனோடு போய்விடும். இரண்டு கிலோ அரிசிப் பை நல்லது. ஒவ்வொரு தடவையும் திரையைத் தொட்டால் போன் துளி ஆடும், அந்தத் துளி ஆட்டமே படத்தில் நிலநடுக்கம் மாதிரி தெரியும். அதனால் வயர் உள்ள பழைய ஹெட்போனைச் செருகி அதிலுள்ள சத்தம் கூட்டும் பட்டனை அழுத்துங்கள். பெரும்பாலான போன்களில் அதுவே கேமராவின் கிளிக். செல்பி ஸ்டிக்கோடு வருகிற குட்டி ரிமோட்டும் போதும். ஏரோபிளேன் மோடில் போட மறக்காதீர்கள். ஐம்பதாவது போட்டோவில் இருக்கும்போது பெரியப்பா கூப்பிட்டு, வைப்ரேஷனில் போன் இடம் மாறினால், அவரிடம் கோபித்துக்கொண்டு பிரயோஜனம் இல்லை.

அடுத்தது வெளிச்சம். எங்கள் தொழிலில் பாதிச் சண்டை வெளிச்சத்தோடுதான், ஆகவே இதில் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் நீங்கள் எடுக்கிற ஒரு மணி நேரத்தில் சூரியன் நகர்ந்துவிடும், நடுவில் ஒரு மேகம் வந்து போகும். ஓட்டிப் பார்த்தால் பத்து விநாடிக்குள் விடிந்து இருட்டி மறுபடி விடியும். ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்து விட்டு, ஒரு எல்இடி பல்பில் எடுங்கள். பழைய சோக் வைத்த டியூப்லைட் ஆகாது. நம் கரண்டுக்கு விநாடிக்கு 50 சுற்று. அந்த டியூப் விநாடிக்கு 100 தடவை மினுக்குகிறது. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஒரு போட்டோ வெளுப்பாகவும் அடுத்தது மங்கலாகவும் விழும். போனில் புரோ மோடு இருந்தால் ஷட்டரை ஐம்பதில் ஒரு பங்கோ நூறில் ஒரு பங்கோ வைத்தால் இது பெரும்பாலும் அடங்கிவிடும். இன்னொன்று: கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறினால் சில பல்புகளின் வெளிச்சம் மாறும். அப்போது நிறுத்திவிட்டு, கரண்ட் வந்ததும் தொடருங்கள்.

போனுக்கும் ஒரு அதிகப்பிரசங்கித்தனம் உண்டு. உங்கள் கை பிரேமுக்குள் வந்து போகும்போதெல்லாம் வெளிச்சத்தை அதுவே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். திரையில் பொருளின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பல போன்களில் போகஸும் எக்ஸ்போஷரும் பூட்டிக்கொள்ளும். 'ஸ்டாப் மோஷன் ஸ்டூடியோ' என்று ஒரு ஆப் இருக்கிறது. காசு கட்டாத வடிவமே தாராளம். முந்தைய போட்டோவை மங்கலாகக் காட்டும். பொருள் எங்கே இருந்தது, எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே எடுக்கலாம். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எடுக்காதீர்கள், அதில் பட்டு வெளிச்சம் சார்ட்டில் அடிக்கும். கறுப்பு டீசர்ட் நல்லது. மின்விசிறியை நிறுத்த வேண்டும். மே மாதத்தில் இது எவ்வளவு பெரிய கேள்வி என்று எனக்குத் தெரியும். காலையில் எட்டு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

இப்போது எதை நடக்க வைப்பது? எடுத்த எடுப்பில் சூப்பர் ஹீரோ பொம்மையைத் தேடாதீர்கள். அது ஒற்றைக் காலில் நிற்காது, விழுந்து விழுந்து உங்கள் பொறுமையைத் தின்றுவிடும். நம் வீடுகளில் புளியங்கொட்டைக்குப் பஞ்சமில்லை. உருளாது, காற்றுக்குப் பறக்காது, தட்டையாக உட்காரும், கறுஞ்சிவப்பாக மினுக்கும். வெள்ளைச் சார்ட்டில் வைத்தால் எடுப்பாகத் தெரியும். பல்பை நேர் மேலே வைத்தால் ஒவ்வொரு கொட்டையின் முதுகிலும் ஒரு வெள்ளைப் புள்ளி விழும். பல்பைப் பக்கவாட்டில் தள்ளி, முன்னால் ஒரு பட்டர் பேப்பரைத் தொங்கவிட்டால் அந்தப் புள்ளி பரவி, கொட்டைக்கு வயிறும் முதுகும் தெரிய ஆரம்பிக்கும். விரலால் நகர்த்தினால் நினைத்ததைவிட அதிகம் போய்விடும். பக்கத்தில் இருப்பதையும் இடித்துவிடும். விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி அதன் முனையால் தள்ளுங்கள். தள்ளி முடித்ததும் கையை முழுதாக வெளியே எடுத்து, நிழலும் போய்விட்டதா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

கணக்கு இதுதான். சினிமாவில் விநாடிக்கு 24 படம். நமக்கு 12 போதும். பெரிய ஸ்டூடியோக்காரர்களே பல இடங்களில் ஒரு நிலையை இரண்டு படமாக வைத்து 12 நிலையில்தான் ஓட்டுகிறார்கள். ஒவ்வொரு படத்துக்கும் அரை சென்டிமீட்டர் தள்ளினால் விநாடிக்கு ஆறு சென்டிமீட்டர். முப்பது சென்டிமீட்டர் சார்ட்டைக் கடக்க ஐந்து விநாடி, அறுபது போட்டோ. பத்து விநாடிக்கு 120. யாராவது பத்து நிமிடப் படம் எடுக்கப் போவதாகச் சொன்னால், 7200 போட்டோ என்று அவன் காதில் போடுங்கள். வாலஸ் அண்ட் குரோமிட் என்ற களிமண் பொம்மைப் படங்களை எடுத்த நிக் பார்க், அதில் முதலாவதான 'எ கிராண்ட் டே அவுட்' படத்தை 1982ல் மாணவராக இருக்கும்போது தொடங்கினார். வெளிவந்தது 1989ல். நீளம் 23 நிமிடம்.

ஒரே அளவாகத் தள்ளிக்கொண்டே போனால் கொட்டை நடக்காது, இழுபடும். நம் ஸ்டாப்பில் நின்று கிளம்புகிற டவுன் பஸ்ஸைப் பாருங்கள். முதலில் ஊர்ந்து, பிறகு வேகம் பிடித்து, பல்கலைக்கழக ஸ்டாப் வரும்போது தளர்ந்து நிற்கும். கொட்டைக்கும் அதே கணக்கு. முதல் படத்தில் ஒரு மில்லிமீட்டர், அடுத்து இரண்டு, மூன்று, பிறகு ஐந்து ஐந்தாக. நிற்கப் போகும்போது மூன்று, இரண்டு, ஒன்று. நின்ற பிறகு அப்படியே ஆறு போட்டோ. அந்த அரை விநாடி நிற்பதில்தான் கொட்டை ஏதோ யோசிக்கிற மாதிரி இருக்கும். பார்க்கிறவன் சிரிக்கிற இடமும் அதுதான்.

எவ்வளவு கவனமாக எடுத்தாலும் கொஞ்சம் நடுங்கும். அதற்காக அழிக்காதீர்கள். 1933ல் வந்த 'கிங் காங்' படத்தின் குரங்குப் பொம்மைக்கு முயல் ரோமம் போர்த்தியிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் பொம்மையை நகர்த்திய விரல்கள் ரோமத்தைக் கலைத்துவிட, திரையில் கிங் காங்கின் மயிர் சிலிர்த்துக்கொண்டே இருக்கிறது. இன்றைக்கும் பார்க்கலாம். குரோமிட்டின் களிமண் நெற்றியில் விரல் ரேகை தெரியும். கம்ப்யூட்டரில் செய்த வழவழப்பைவிட எனக்கு அந்த ரேகைதான் பிடிக்கும்.

களிமண் என்றதும் உங்களுக்கு விளாச்சேரி ஞாபகம் வரும். பக்கத்து ஊர்தானே. கொலு பொம்மை, பிள்ளையார், கிறிஸ்துமஸ் குடில் செட் என்று வருடம் முழுக்க அங்கே வேலை நடக்கிறது. ஆனால் கண்மாய் மண்ணை வாங்கி வந்து பொம்மை பிடித்து ஆட்டலாம் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். நம் வெயிலில் அது சீக்கிரம் காய்ந்து, முழங்கையில் வெடித்து, கை தனியே வந்துவிடும். ஸ்டாப் மோஷன்காரர்கள் பயன்படுத்துவது எண்ணெய் கலந்த மண். 1897ல் இங்கிலாந்தில் பாத் நகரத்து ஓவிய வாத்தியார் வில்லியம் ஹார்பட், மாணவர்கள் சிற்பம் செய்யும்போது மண் காய்ந்து தொல்லை கொடுத்ததால் காயாத மண்ணைச் செய்தார். பிளாஸ்டிசின் அதுதான். கடையில் கலர் கலராகக் கிளே என்று கேட்டால் கொடுப்பார்கள். காயாது, ஆனால் 40 டிகிரி வெயிலில் இளகும். மனிதன் ஒருவனைச் செய்து நிற்க வைத்தால், இருபது போட்டோவுக்குள் மெல்லக் குனிந்து கும்பிட ஆரம்பிப்பான். உள்ளே மெல்லிய கட்டுக்கம்பியை முறுக்கி எலும்பாக வையுங்கள். நடு நடுவே பொம்மையை ஒரு டப்பாவில் போட்டு பிரிட்ஜில் வைத்து எடுங்கள்.

ஆனாலும் விளாச்சேரிக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன். அங்கே மண்ணைவிட நமக்கு வேண்டியது அச்சு. ஸ்டாப் மோஷனில் பொம்மையை வளைக்காமல் மாற்றி மாற்றி வைக்கிற ஒரு முறை உண்டு. ஜார்ஜ் பால் என்கிற ஹங்கேரிக்காரர் 1940களில் ஹாலிவுட்டில் இப்படித்தான் எடுத்தார்: ஒரு அடி எடுத்து வைக்கத் தனித்தனியாக மரக்கால்கள் செதுக்கி, படத்துக்குப் படம் மாற்றினார். 2009ல் வந்த 'கொராலைன்' படத்தில் முகங்களை 3டி பிரிண்டரில் ஆயிரக்கணக்கில் அடித்து மாட்டினார்கள். ஒரே முகத்தைத் திரும்பத் திரும்ப அச்செடுக்கிற வேலையை விளாச்சேரியில் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள். வர்ணம் அடிக்காத ஒரே மாதிரித் தலை நாலு வாங்குங்கள். ஒன்றுக்கு மூடிய வாய், ஒன்றுக்குப் பாதி திறந்த வாய், ஒன்றுக்கு 'ஓ', ஒன்றுக்குப் பல் தெரியச் சிரிப்பு என்று நீங்களே வர்ணம் தீட்டுங்கள். கழுத்தில் குச்சி செருகி மாற்றி மாற்றி வைத்தால் கொலுப்படிச் செட்டியார் பேசுவார். பருப்பு விலை சொல்வார். கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வாருங்கள், பேரம் பேச வேண்டாம். நவராத்திரி நெருங்கினால் அவர்களுக்குத் தலைநிமிர நேரம் இருக்காது, இப்போதே போய்விடுங்கள்.

கதைக்கு வருகிறேன். பத்து விநாடிக்கு என்ன கதை என்று கேட்பீர்கள். பொருளுக்கு ஒன்று வேண்டும். அது கிடைக்காமல் ஏதோ ஒன்று தடுக்க வேண்டும். அவ்வளவுதான். 1957ல் கனடாவில் நார்மன் மெக்லாரனும் குளோட் ஜூத்ராவும் 'எ சேரி டேல்' என்று ஒரு குட்டிப் படம் எடுத்தார்கள். ஒருவன் நாற்காலியில் உட்காரப் போகிறான். நாற்காலி நகர்ந்துகொள்கிறது. விரட்டுகிறான், கெஞ்சுகிறான், பிடிகொடுக்க மாட்டேன் என்கிறது. கடைசியில்தான் புரிகிறது, அதற்கும் ஒரு தடவை அவன்மேல் உட்கார ஆசை. உட்காரவிடுகிறான், பிறகு அது அவனை உட்காரவிடுகிறது. ஒரு வார்த்தை பேச்சில்லை. பின்னணியில் நம் ரவிசங்கரின் சிதார், சதுர்லாலின் தபலா. சில இடங்களில் நாற்காலிக்கு நூல் கட்டி இழுத்தார்கள் என்பது தெரிந்தபின்னும் நாற்காலிக்கு ரோஷம் இருப்பதாகத்தான் தோன்றுகிறது. உங்கள் புளியங்கொட்டைக்கும் ஒரு ரோஷத்தைக் கொடுங்கள். ஐந்து கொட்டைகள் பல்லாங்குழியில் ஒரு குழிக்குப் போகின்றன, ஆறாவதுக்கு இடம் இல்லை. பிறகு அது என்ன செய்கிறது? அதை நான் சொல்லமாட்டேன்.

அதே மெக்லாரன் 1952ல் 'நெய்பர்ஸ்' படத்தில் மனிதர்களையே பொம்மையாக்கினார். ஒருவனை எகிறிக் குதிக்கச் சொல்லி, அந்தரத்தில் இருக்கும்போது ஒரு படம். கொஞ்சம் தள்ளி நின்று மறுபடி குதி, இன்னொரு படம். ஓட்டினால் தரையில் கால் படாமல் மிதந்து போகிறான். சாயங்காலம் மொட்டை மாடியில் நீங்களும் செய்யலாம், கைப்பிடிச் சுவருக்குத் தள்ளி நின்று. பின்னால் நாகமலை நீளமாகப் படுத்துக்கிடக்கும். அதைவிடப் பெரிய செட் எந்த ஸ்டூடியோவிலும் கிடையாது, அசையவும் அசையாது. நாலு பேர் குதித்தால் போதும், கீழ்வீட்டுக்காரர் மேலே வருவதற்குள் முடித்துவிடுங்கள்.

சத்தம் சேர்க்கும்போது ஒரே ஒரு வேண்டுகோள். சினிமாப் பாட்டையும் மாஸ் பிஜிஎம்மையும் போடாதீர்கள். கல்யாண ஆல்பத்தில் நான் போடுகிறேனே என்றால், அதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். ஒரு டப்பாவில் கொட்டைகளைப் போட்டுக் குலுக்குங்கள், ஈரக் கையால் எவர்சில்வர் தட்டைத் தேயுங்கள், வாயால் 'டொக்' என்று சொல்லுங்கள். போர்வைக்குள் புகுந்து போனில் பதிவு செய்தால் தெருச்சத்தம் விழாது.

இந்த இடத்தில் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு கொட்டையைக் குச்சியால் தள்ளிக்கொண்டிருந்தால், என்னடா கிறுக்குத்தனம் என்று குறுக்கே நடக்காதீர்கள். நீங்கள் நடந்தால் தரையில் விழுகிற நிழலே ஒரு போட்டோவைக் கெடுத்துவிடும். இதனால் என்ன மார்க் வரும் என்று கேட்டால், ஒன்றும் வராது. பின்னாளில் படிக்க ஆசைப்பட்டால் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அனிமேஷன் பாடம் இருக்கிறது, சென்னை தரமணி அரசு திரைப்படக் கல்லூரியிலும் இருக்கிறது. அகமதாபாத்தில் படித்த சுரேஷ் எரியத், மும்பையில் தன் ஸ்டூடியோவில் 'டோக்ரி' என்ற களிமண் பொம்மைப் படத்தைப் பல வருடம் உழைத்து எடுத்தார். அப்பாவின் கடிகாரத்தை உடைத்துவிட்ட ஒரு சின்னப் பெண்ணின் கதை. பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். ஆனால் அதற்காகவெல்லாம் இப்போது போனைக் கொடுக்க வேண்டியதில்லை. காலையில் ஒரு மணி நேரம் கொடுத்தால் போதும். அந்த ஒரு மணி நேரமும் பிள்ளை திரையைவிடத் தரையைத்தான் அதிகம் பார்க்கும்.

பிள்ளைகளே, கடைசியாக ஒன்று. முதல் படத்தைத் திருத்தித் திருத்தி வைத்துக்கொண்டிருக்காமல் முடித்துவிடுங்கள். முடித்ததை யாருக்காவது காட்டுங்கள். அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்படங்களைப் போட்டுக் காட்டுகிற ஏற்பாடு 2022ல் தொடங்கியது. ஜூனில் பள்ளி திறந்ததும் உங்கள் வகுப்பு ஆசிரியரிடம் போய், அடுத்த படம் போடுவதற்கு முன்னால் எங்கள் பத்து விநாடியைப் போட முடியுமா என்று கேளுங்கள். தனியார் பள்ளியில் படிக்கிறவர்கள் ஆண்டுவிழாவில் கேட்கலாம். மாட்டேன் என்றால் நம் தெருவில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிப் போடுவோம். புரொஜெக்டர் என்னுடையது, வாடகை கிடையாது.

இப்படிக்கு,
உங்கள் ஊர் கல்யாண வீடியோக்காரன்,
நாகமலை புதுக்கோட்டை.